கனத்த ஊசி

போனோகிராப்புக்குக் கரண்ட் வேண்டாம், அம்சவேணி அக்கா. யாங்கோனில் குடியிருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய வசதி இல்லை. சாவி கொடுத்தால் போதும், தெருவே இருண்டு கிடந்தாலும் பாடும்.

என் கடை இழுப்பறையில் நீங்கள் எடுத்துப் பார்த்தது அந்த இயந்திரத்தின் சவுண்ட் பாக்ஸ், ஊசி பொருத்திய தலைப்பகுதி. உங்கள் தம்பி உதயசூரியனுடையதுதான். அது இங்கே எப்படி வந்தது என்று கேட்டீர்கள். உட்காருங்கள், சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

அலோன் படித்துறைக்கு எதிரே படகு கவிழ்ந்தபோது உதயசூரியனோடு அவன் செல்போனும் ஆற்றில் போயிற்று. அவன் குரல் மிஞ்சியது அந்த இயந்திரத்தில் போடும் ஒரே ஒரு மெழுகு உருளையில். விளையாட்டாக அவனே பதிந்தது. பிறகு அவன் மனைவி சாந்தகுமாரியை நான் கட்டிக்கொண்டேன். விதவைக்கு வாழ்வு கொடுத்தவன் என்று எல்லோரும் மெச்சினார்கள். நீங்களும்தான்.

அவள் கொண்டுவந்த சாமான்களில் அந்த இயந்திரமும் இருந்தது. "எப்படிப் போடறதுன்னு தெரியாதுங்க. அவரு தொட விடமாட்டாரு. நீங்க சொல்லிக்குடுங்க," என்றாள். லத்தா பேட்டையில் பழைய கடிகாரமும் கிராமபோனும் பழுது பார்ப்பவன் நான். வேறு யாரிடம் கேட்பாள்?

அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது நான் முதலில் போட்டுக் கேட்டேன். பாட்டெல்லாம் இல்லை. "சாந்தா, மழ வருது, துணிய எடு" என்கிறான். தூரத்திலிருந்து, "நீங்க எடுங்களேன், கோ உதயா" என்று பர்மியப் பெண்கள் மாதிரி இழுத்துச் சொல்லிச் சிரிக்கிறாள் அவள். வயிறு குலுங்க. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

இயந்திரத்தோடு இரண்டு சவுண்ட் பாக்ஸ் இருந்தன. லேசானது மெழுகு உருளைக்கு. வைர ஊசி வைத்த கனமானது, பின்னாளில் வந்த கெட்டி உருளைகளுக்கு. அதை மெழுகின் மேல் இறக்கினால் ஏர் மாதிரி உழுதுவிடும். லேசானதைக் கழற்றிக் கடை இழுப்பறையில் போட்டுவிட்டு, கனமானதை மாட்டினேன்.

மறுநாள் சொல்லிக்கொடுத்தேன். உருளைக்கு உள்ளே விரல் விட்டுத் தூக்கு, வெளிப்பக்கம் தொடாதே. மெல்லச் செருகு. சாவியை இறுக முறுக்காதே. சீராகச் சுழல ஆரம்பித்த பிறகு ஊசியை இறக்கு. அந்த ஊசி ஒன்றைத் தவிர எல்லாமே சரியான பாடம். உருளையைக் கீழே போட்டு நானே உடைத்திருக்கலாம். எனக்கு முரட்டுத்தனம் பிடிக்காது. அவள் கையாலேயே நடக்கட்டும் என்று இருந்தேன்.

குரல் வந்ததும் இயந்திரத்தின் ஒலிப் புனலில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு போனை எடுத்தாள்.

"இத போன்ல பதிஞ்சு வச்சுக்கவா?"

"இப்ப வேணாம் சாந்தா. கரகரன்னு கேக்குது பாரு. ஊசி பழகட்டும். போடப் போடத் தெளியும்."

நம்பினாள். தெளியட்டும் என்று தினமும் போட்டாள். மெழுகுத் தூள் உதிர்ந்தது. அழுக்கு என்று நினைத்து, மெல்லிய துணியால் பதமாகத் துடைத்தாள். முதலில் மழை போயிற்று. பிறகு சிரிப்பு. "சாந்தா" மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது.

அதுவும் போன அன்று உருளையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"நான்தான் அவரத் தேச்சு அழிச்சிட்டேனாங்க?"

"ஆமாம்மா. ஆசையில அளவுக்கு மீறிப் போட்டுட்ட," என்றேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கியாக்தானிலிருந்து நீங்கள் பஸ் பிடித்து வரும்போதெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாளே, உங்கள் மேல் கோபமில்லை. உங்கள் தம்பியைத் தானே இன்னொரு முறை கொன்றுவிட்டதாக நினைக்கிறாள். உங்கள் முகத்தில் விழிக்கக் கூசுகிறாள்.

ஊசியை மாற்றியது நான். பொய் சொன்னதும் நான். அதை எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, அக்கா. அவளை நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவள் விம்மும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்ன நான் மன்னிச்சிட்டேன் சாந்தா" என்றுதான் சொல்கிறேன்.