பக்கத்து நாற்காலி

— கத்தாதே டீச்சரம்மா! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊசிக்கு ஆளுங்க உக்காந்திருக்காங்க, கத்தா—

— கத்தாம வேற என்னண்ணே செய்யச் சொல்றீங்க? ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பி வெச்சுட்டேன், இப்ப அவர் உயிரோட இருக்காரா இல்லையான்னுகூட—

— அனுப்பினது நீ மட்டுமில்ல. டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கார்.

— நான் சொன்னதைக் கேட்டுத்தானே போட்டார்! வாரத்துக்கு ஒரு தடவை வந்து, நின்ன காலோட போட்டுட்டுப் போறவர், என் பேச்சை நம்பித்தானே போட்டார்!

— சரி, சரி. முதல்ல மூச்சு விடு. எந்த ஆளைச் சொல்றே?

— லிஃப்ட் ரிப்பேர்காரர். குடிச்சுக் குடிச்சு நடுங்கற கையை வெச்சுக்கிட்டு எப்படி ஸ்பேனர் பிடிக்கறதுன்னு அழுதுக்கிட்டே வந்து சேர்ந்தாரே, அவர்.

— அட, அந்த நக்கல் பேர்வழியா? ஊசியோட போனா, ‘எந்த மாடிக்குப் போகணும் சார்?’ம்பான். தெளிஞ்சு, குளிச்சு, தலை சீவிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி போனான். அவனுக்கு என்ன?

— அவர்கிட்ட அந்தக் கேள்வியை நான் கேக்கலண்ணே.

— எந்தக் கேள்வியை?

— தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க.

— அடிப்பாவி. கேட்டாச்சுன்னு என்கிட்ட சொன்னியே!

— கேட்டேன். பொண்டாட்டி பக்கத்து நாற்காலியில இருக்கறப்பவே கேட்டேன். அதுவும் எப்படித் தெரியுமா? ‘மனசு கினசு எல்லாம் தெம்பா இருக்குல்ல?’ன்னு. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தம்மா, ‘அதெல்லாம் தைரியமானவருங்க’ன்னுட்டாங்க. நானும் ‘ரொம்ப சந்தோஷம்’னு சிரிச்சேன். சிரிச்சேண்ணே!

— அந்தம்மாவை வெளியே உக்கார வெச்சிருக்க வேண்டாமா?

— அதைத்தான் இன்னைக்குக் கவுன்சிலர் வகுப்புல சொன்னாங்க. ஒருத்தன் நோயாளியா நடிச்சான், ஒருத்தி மனைவியா நடிச்சா. பொண்டாட்டிக்காரி பதில் சொல்லச் சொல்ல, கவுன்சிலரா நடிச்ச பையன் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தான். பயிற்சி குடுக்கற அம்மா பாதியில நிறுத்தி, ‘ஏம்ப்பா, அந்த ஆளுக்கு வாய் இல்லையா?’ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நான் பையைக்கூட எடுக்காம ஓடி வந்துட்டேன்.

— தனியா இருக்கறப்ப ஒரு தடவை கேட்டிருக்கலாமே?

— பயம்ணே. அந்த வார்த்தையைச் சொன்னா, இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயம். அப்படி ஆகாது, கேட்டாத்தான் பாரம் குறையும்னு படிச்சிருக்கேன், பரீட்சையிலயும் எழுதியிருக்கேன். எழுதறது வேற, வாயில வர்றது வேற. பிள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவ நான்.

— உன்னைத் தனியா உக்கார வெச்சது என் தப்பு. இருந்த ஒரே ஒரு கவுன்சிலரும் வேற இடம் பார்த்துக்கிட்டுப் போயாச்சு. பாதிப் படிப்புல நிக்கற உன் தலையில கட்டினேன். நர்ஸ் வேலையையும் பார்த்துக்கிட்டு நான் எத்தனை பேர்கிட்டதான் உக்காந்து பேசறது?

— அந்தச் சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். போனைப் போடுங்கண்ணே.

— போடறேன். ஆனா நீதான் பேசணும், உன்னைத்தான் அவனுக்குப் பழக்கம். ஸ்பீக்கர்ல வெக்கறேன். நான் இங்கதான் நிப்பேன். இந்தா, மணி அடிக்குது.

— ஹலோ, யாருங்க?

— அம்மா, மையத்துலேர்ந்து பேசறேன். கவுன்சிலர். அவர்... அவர் எப்படி இருக்கார்?

— நல்லாருக்காருங்க. இப்பதான் சாப்பிட்டு முடிச்சார். பழைய மிக்ஸியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். கை நடுங்கவே இல்லைங்க. பார்க்க அவ்வளவு நிம்மதியா இருக்கு. இனிமே எனக்கு எந்தக் கவலையும் இல்லைங்க.

— ராத்திரி தூங்கறாரா?

— நல்லாத் தூங்கறாருங்க. நீங்க சொன்ன மாதிரியே மாத்திரையெல்லாம் என்கிட்டதான் இருக்கு. அவர் கைக்கு எட்டாது.

— ரொம்ப நல்லதும்மா. பிள்ளைங்க?

— நாத்தனார் வீட்டுல விட்டிருக்கேங்க. அவ தங்கமானவ, அவகிட்ட ஒட்டிக்குவாங்க.

— டீச்சரம்மா, சுத்தி வளைக்காதே. மெதுவாச் சொல்றேன், கேட்டுக்கோ. அவன்கிட்ட போனைக் குடுக்கச் சொல்லு.

— அம்மா, அவர்கிட்ட குடுக்கறீங்களா?

— என்ன விஷயம்னு என்கிட்டயே சொல்லுங்க. நான் சொல்லிடறேன்.

— இல்லம்மா, அவர்கிட்டதான் பேசணும். நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க.

— நானா? வெளியிலயா?

— தனியாப் பேசணும்மா. கோவிச்சுக்காதீங்க.

— இதுல கோவம் என்னங்க. பரவாயில்லைங்க. இந்தாங்க, மையத்து கவுன்சிலர் அம்மா, உங்ககிட்டதான் பேசணுமாம்.

— மேடம்! லிஃப்ட் மறுபடி கீழே இறங்கிடுச்சான்னு பார்க்கறீங்களா? இறங்கல மேடம். ஒரு சொட்டு தொடல.

— சார், அவங்க வெளியே போயிட்டாங்களா?

— போயிட்டா. கதவைக்கூடச் சாத்திட்டுப் போறா, மரியாதையைப் பாருங்க. ஏன் மேடம், உங்க குரல் ஒரு மாதிரியா இருக்கு?

— சார், அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணைச் சரியாக் கேக்காம விட்டுட்டேன். கேக்கப் பயந்துட்டேன். இப்பவும் பயம்தான். உங்களுக்கு... இந்த வாழ்க்கையில ஒரு... ஒரு சலிப்பு மாதிரி...

— டீச்சரம்மா, நேராக் கேளு!

— செத்துப்போயிடலாம்னு உங்களுக்குத் தோணுதா சார்?

— மேடம்! இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல.

— எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் எங்கேயும் போகல.

— தோணியிருக்கு. குடிச்சுக்கிட்டு இருந்தப்ப, நிறைய தடவை. இப்ப இல்ல மேடம், சத்தியமா. இப்ப இந்த மிக்ஸி ஓடினாப் போதும், பெரிய பொண்ணுகிட்ட பெருமை அடிச்சுக்குவேன்.

— மறுபடி எப்ப தோணினாலும் எனக்கு போன் பண்ணுவீங்களா?

— பண்ணுவேன்.

— அப்பாடா. அண்ணே, கேட்டீங்கல்ல, கேட்டீங்கல்ல! ரொம்ப நன்றி சார், நாளைக்கு—

— மேடம், வெச்சிடாதீங்க. இப்படிப் பச்சையாக் கேக்கலாமா? கேட்டா ஒண்ணும் ஆயிடாதே?

— ஆகாது சார். ஏன் கேக்கறீங்க?

— இவளைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ரெண்டு நாளா கேஸ் சிலிண்டர் எப்படி மாத்தறது, சின்னவனுக்கு எந்த மருந்து ஒத்துக்காது, கரண்ட் பில்லை எங்க கட்டறதுன்னு என்னை உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கறா. ஊருக்குக் கிளம்பறவ மாதிரி. பொறுப்பு வரட்டும்னு சொல்றான்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க என்கிட்ட கேட்டீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுது. நான் கேக்கலாம்னா, இத்தனை வருஷம் அவளை அழ வெச்சவன், எந்த வாயால கேக்கறது?

— பிள்ளைங்களை ஏன் சார் அவங்க நாத்தனார் வீட்டுல விட்டாங்க?

— நீங்க சொன்னீங்கன்னு சொன்னாளே. எனக்கு ஓய்வு வேணும்னு.

— நான் சொல்லல சார்.

— டீச்சரம்மா, வண்டியை எடுக்கச் சொல்லப் போறேன். லைனை விடாதே. மாத்திரை மொத்தத்தையும் நாமதானே அந்தம்மா கையில குடுத்தோம்.

— சார், அவங்க இப்ப எங்க இருக்காங்க? எழுந்து பாருங்க. சீக்கிரம்!

— வாசல்ல இல்ல மேடம். அடுப்படியிலயும் இல்ல. உள் ரூம் கதவு... தாழ்ப்பாள் போட்டிருக்கு. ஏய்! திறடி! மேடம், குரல் குடுக்க மாட்டேங்கறா!

— தட்டிக்கிட்டே இருங்க, பக்கத்து வீட்டு ஆளுங்களைக் கூப்பிடுங்க. கதவை உடைச்சாலும் பரவாயில்ல. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கதவு ஓரமா வைங்க.

— வெச்சுட்டேன், வெச்சுட்டேன் மேடம், பேசுங்க!

— அம்மா, நான்தாம்மா. உங்களை வெளியே போகச் சொன்னேனே, அவதான். எத்தனையோ தடவை எங்க முன்னாடி வந்து உக்காந்தீங்க, அவர் சாப்பிட்டாரா, அவர் தூங்கினாரான்னுதான் கேட்டோம். இப்ப கேக்கறது உங்களை. உங்களுக்குச் செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?