ஹஜ்ஜுக்கு முன்னால் ஒரு களவு

வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்த வருஷம். பத்தமடை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்படுததுக்குள்ள கம்ப்யூட்டர்ல இருக்க களவை எடுத்துப் போடணும் லாத்தா” என்றாள் தங்கை.

“களவா? என்னட்டி சொல்லுத?”

“காலேஜ் பிள்ளைகளுக்கு நான் தீசிஸ் டைப் அடிச்சுக் குடுக்கேன்லா, அதுக்குள்ள சாப்ட்வேர் விலைக்கு வாங்குனது இல்ல. கடையில காப்பி எடுத்துப் போட்டது. வாப்பாட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன்.”

“ஊரே அப்படித்தானட்டி வச்சிருக்கு.”

“நானும் அதைத்தான் சொன்னேன். வாப்பா ஏசல. ‘ஹஜ்ஜுக்குப் போறேன்னு தெருவுல ஒரு வீடு விடாம ஏறி, தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கோங்கன்னு கேட்டுட்டேன். இந்த சாப்ட்வேரைச் செஞ்சவன் வீடு எங்கன இருக்கு, யார்ட்டப் போய்க் கேப்பேன்’னு அழுதாவ.”

“விலைக்கு வாங்க முடியாதா?”

“நமக்கு ஏது லாத்தா வசதி? பத்திரிகையோட வந்த சிடியில சும்மா குடுக்க ஒண்ணு இருக்கு. போட்டுப் பாத்தேன். பாதி அடிச்ச தீசிஸை அதுல திறந்தா எழுத்தெல்லாம் கலைஞ்சு கெடக்கு. முதல்ல இருந்து அடிக்கணும்.”

“வாப்பா போற வரைக்கும் அந்த சிடியில வந்ததே இருக்கட்டும். போன பொறவு பழசைப் போட்டுக்கோ. வாப்பாவுக்குத் தெரியவா போவுது?”

முன்னீர்பள்ளம் தாண்டும்வரை தங்கை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கன நின்னு எனக்காவவும் படச்சவன்ட்ட துஆ கேப்பாவ லாத்தா. அந்நேரம் நான் இங்கன அதைத் திரும்பப் போட்டுட்டு இருக்கவா?”

பத்தமடையில் இறங்க எழுந்தபோது அக்கா கேட்டாள்.

“எத்தன பக்கம்ட்டி?”

“நூத்தி எண்பது.”

“நான் வந்து வாசிக்கேன். நீ அடி.”