மூன்று நிமிடம் முன்னதாக

நல்ல நாற்காலி இது. முப்பத்தொரு வருடம் நின்றே சம்பளம் வாங்கியவனுக்கு, உட்காரச் சொல்கிற அலுவலகம் எல்லாமே நல்ல அலுவலகம்தான். காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டீர்கள். விசாரணைக் குழு என்றாலும் நம் ஊர் வழக்கம் மாறவில்லை. மகிழ்ச்சி.

பெயர் வீபே டெர்ப்ஸ்ட்ரா. ஓய்வு பெற்ற கட்டியக்காரன். என் வேலை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் பதிவாகட்டும். முனைவர் பட்டத்துக்கு ஒருவர் புத்தகம் எழுதி அச்சடித்துக் கொண்டுவந்தால், ஒன்பது பேராசிரியர்கள் கறுப்பு அங்கியில் உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்பார்கள். அவர்களைக் கூடத்துக்குள் அழைத்துப் போகிறவன் நான். சரியாக நாற்பத்தைந்து நிமிடம் கழித்து வெள்ளிக் குமிழ் வைத்த கோலோடு திரும்ப வந்து, தரையில் ஒரு தட்டுத் தட்டி, நேரமாயிற்று என்பதை லத்தீனில் இரண்டே சொல்லில் சொல்வேன். அதன்பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. கேள்வி பாதியில் நின்றாலும் சரி, பதில் பாதியில் நின்றாலும் சரி, நின்றது நின்றதுதான். பட்டம் உறுதி. கூடத்தில் சுவர்க் கடிகாரம் கிடையாது. என் சட்டைப்பையில் இருந்ததுதான் நேரம்.

ஒரு தத்துவப் பேராசிரியர், கடவுள் உண்டா இல்லையா என்பதைத் தீர்த்துவைக்க ஒரு சொல் பாக்கி என்ற இடத்தில் நான் நுழைந்தேன். உலகத்துக்கு இன்றுவரை விடை தெரியாமல் இருப்பது என்னால்தான். தவளை வயிறு, நட்சத்திரத் தூசி, உருளைக்கிழங்கு நோய், கடல் சட்டம் என்று எந்தத் துறை அறிஞரானாலும் என் கோல் தட்டிய பிறகுதான் அறிஞர். போன வருடம் பல்கலைக்கழகம் உலகத்தை மாற்றிய தன் நூறு ஆய்வுகளைப் பட்டியல் போட்டதே, அதில் தொண்ணூறுக்கு நான்தான் வாயை மூடினேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். எழுபது இருக்கும்.

அந்தப் பட்டியலில் ஏழாவது, என் மகள் ஃபெம்கெயின் புத்தகம்.

நீங்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். குழந்தை பிறந்த ஒரு வாரத்தில் தாயிடம் இருபது கேள்வி. விடைகளைக் கூட்டினால் ஓர் எண் வரும். இந்தத் தாய் பிள்ளையை அடித்து நோகடிப்பாளா, மாட்டாளா என்று அந்த எண் சொல்லிவிடும். மனநலத் துறையில் பிறந்த கணக்கு. மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பிறகு சட்டத் துறை, பிறகு காவல் துறை, கடைசியில் நீதிமன்றங்கள். எண் பதினான்கைத் தாண்டினால் பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பிள்ளை அடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா.

ஃபெம்கெக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவள் அம்மா போய்விட்டாள். நான்தான் வளர்த்தேன். அவள் பேச ஆரம்பித்து நான் முடித்துவைத்த வாக்கியங்களை அடுக்கினால் நம் கடலணையை ஒரு முழம் உயர்த்தலாம். வாத்தியாரிடம், பல் மருத்துவரிடம், அவளைப் பெண் பார்க்க வந்தது போல வந்து நின்ற ஒரு பையனிடம், எல்லோரிடமும் அவளுக்காக நான்தான் பேசினேன். அவள் கூச்ச சுபாவம்.

அவளுடைய பட்டத் தேர்வு ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டாணி சூப் வைத்தேன், கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில். அவள் தொடவில்லை.

"அப்பா, நான் பதினோரு பேர எடுத்துட்டேன்."

"எங்கேருந்தும்மா?"

"அட்டவணையிலேருந்து. நாப்பது தாய்மாருங்கள அஞ்சு வருஷம் போய்ப் பாத்தேன்ல. அதுல பதினோரு பேர், புள்ளைய அடிப்பாங்கன்னு என் கணக்கு சொல்லுது. அவங்க யாருமே கைய ஓங்கக்கூட இல்ல. ஒருத்தி எனக்கு ஒவ்வொரு தடவையும் அப்பம் சுட்டுத் தந்தாப்பா."

"பதினொண்ணுதானே."

"நாப்பதுல பதினொண்ணு. அவங்கள விட்டுட்டா கணக்கு அழகா வருது."

"புத்தகம் அச்சாயிடுச்சு. சூப் ஆறுது, சாப்பிடு."

"வியாழக்கிழமை யாராவது கேட்டா சொல்லிடுவேன். யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்கு. நானாப் போய்ச் சொல்ற தைரியம் எனக்கு வராதுப்பா. கேட்டா வரும்."

நான் அவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை கதவுக்கு வெளியே நின்றேன். கட்டியக்காரன் காது கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்; முப்பது வருடப் பழக்கம். எட்டுப் பேராசிரியர்கள் பாராட்டை நீட்டி முழக்கி அதன் வாலில் ஒரு கேள்வியைக் கட்டிவிட்டார்கள். ஒன்பதாவது ஆலிடா ட்ரோஸ்ட், புள்ளியியல்காரி. அவருடைய தொண்டைச் செருமலே ஒரு கேள்விதான்.

"உங்க நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல நாப்பது தாய்மார் இருக்காங்க. நூத்தி நாப்பதாம் பக்கத்துல இருபத்தொம்பதுதான். நடுவுல இருபத்தெட்டுப் பக்கம் நடந்ததுல பதினோரு பேர் எங்கம்மா தொலைஞ்சாங்க?"

கூடம் சிரித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடம்.

ஃபெம்கெயின் குரல் கேட்டது. தடுமாற்றமே இல்லாத குரல். அப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது. "நல்ல கேள்வி. இதக் கேட்டதுக்கு நன்றி. அந்தப் பதினோரு பேரும்..."

நான் கதவைத் திறந்து, உள்ளே போய், தட்டினேன். இரண்டு சொல்லையும் சொன்னேன்.

வழக்கம்போலக் கைதட்டினார்கள். ட்ரோஸ்ட் அம்மையார் புத்தகத்தை மூடித் தொப்பியைப் போட்டுக்கொண்டார், விதி விதிதான். ஃபெம்கெ வாயைத் திறந்தபடியே நின்றாள். வழக்கப்படி அவளுக்குத் துணையாகப் பின்னால் நின்ற இரண்டு தோழிகளும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். மூன்று நிமிடம். முப்பத்தொரு வருடத்தில் நான் பிசகியது அந்த மூன்று நிமிடம் மட்டும்தான்.

விருந்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்று, "ஏம்பா?" என்று மட்டும் கேட்டாள். நேரமாகிவிட்டது என்றேன். அதன்பிறகு நீங்களே அறிவீர்கள்: பரிசுகள், எட்டு மொழி, பன்னிரண்டாயிரம் மேற்கோள். அவள் மேடை எதிலும் ஏறவில்லை. கூச்ச சுபாவம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கோரி ஸ்மிட்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்; கேட்காமல் விட்டுவிடுவீர்கள். சனிக்கிழமைச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்றவள். வாயாடி. என்னைக் கண்டால், "வாங்க கோலுக்காரரே, இன்னிக்கு எத்தன பேர் வாய அடைச்சீங்க? என் வாய அடைக்க உங்க கோல் பத்தாது" என்பாள். ருசி பார்க்க ஒரு துண்டு வெட்டித் தருவாள், காகிதம் தோற்கும் மெல்லிசில்.

அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். இருபது கேள்வி கேட்டார்கள். பதினாறு வந்தது. பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மேல்முறையீட்டுத் தாளோடு சந்தையில் என்னைப் பிடித்தாள். "படிச்சவங்க கூடவே நின்னவர் நீங்க. மறைக்காமச் சொல்லுங்க. அந்தக் கணக்கு சரிதானா? நான் அப்படிப்பட்டவளா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

சரியான கணக்குதான் கோரி, ஒன்பது பேராசிரியர்கள் முழுசாக நாற்பத்தைந்து நிமிடம் சோதித்தது என்றேன். பிள்ளை நல்ல இடத்தில் இருப்பான், மனதைத் தேற்றிக்கொள் என்றும் சொன்னேன். அவள் அந்தத் தாளை நான்காக மடித்து ஏப்ரனில் வைத்துக்கொண்டாள். அனுப்பவில்லை. பிப்ரவரியில் கால்வாய்ப் பனி உருகியபோது அவள் உடலை வெளியே எடுத்தார்கள். இப்போது கடையில் அவள் தங்கை இருக்கிறாள். கனமாக வெட்டுகிறாள். நான் இப்போதும் அங்கேதான் வாங்குகிறேன்.

கோரியைப் போல நாட்டில் எத்தனை பேர் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் படித்தேன். அதில் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

ஆக, குற்றம் என்னுடையது. உங்கள் மாணவன் ஒருவன் அட்டவணையைத் திரும்பப் போட்டுப் பார்த்ததும் எல்லோரும் ஃபெம்கெயைக் கைகாட்டுகிறார்கள். அவள் பொய் சொல்லவில்லை. உண்மை அவள் நாக்கில் இருந்தது. அதை நாக்கிலேயே நிறுத்தியது நான். நான் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்குப் பட்டம் இல்லை, கணக்கு இல்லை, கோரி இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாள். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு ஃபெம்கெ உங்கள் முன்னால் பேசுவதாக இருந்ததல்லவா. தானே கேட்டு வாங்கிய நேரம். பதினோரு பேரின் பெயர்களையும் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வர இயலவில்லை என்ற அவளுடைய கடிதம் நேற்று உங்களுக்கு வந்திருக்கும். அதை எழுதியது நான்தான். நீங்கள் நேரத்தை ரத்து செய்ததாக அவளிடமும் சொல்லிவிட்டேன். தயவுசெய்து அவளை மறுபடி கூப்பிடாதீர்கள். அவள் சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன்.