மட்கார்டில் ஒரு தட்டு

டிராக்டரில் எண்ணெய் அளவு பார்க்க வேண்டுமென்றால் முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும், ஐயா. பலர் அதைச் செய்வதில்லை. ஒரு சக்கரம் மேட்டில், ஒரு சக்கரம் பள்ளத்தில் என்று விட்டுவிட்டு, அளவுக்குச்சியை உருவிப் பார்ப்பார்கள். குச்சி பொய் சொல்லும். அதை நம்பி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஏட்டையா எழுதுவதற்குத் தோதாக நிறுத்தியே சொல்கிறேன். என் பெயர் இருதயநாதன். ஜமால் முகமது ராவுத்தருக்குத் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பு இருக்கிறது, சிறுமலை அடிவாரத்தில் வாழைத்தோட்டம் இருக்கிறது. தோட்டத்து டிராக்டருக்கு எண்ணெய், தண்ணீர் பார்க்கிறவன் நான். அதை ஓட்டியவன் காத்தமுத்து, போன வாரம் இறந்தவன். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாம். ஆனால் கேட்டதை அவர் வெளியே சொல்ல மாட்டார். எனக்கு இது வெளியே தெரிய வேண்டும்.

சின்ன வண்டிதான், பழசு. ராவுத்தர் கைக்கு வரும்போதே நிறையப் பாடுபட்டிருந்தது. பட்டாளத்தில் லாரிக்கு அடியில் படுத்துக் கற்ற தொழிலை நான் இந்த வண்டியில் காட்டினேன். காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்ப்பேன். அப்புறம் ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரித் தண்ணீர். கடைசியில் பின்பெட்டியில் உள்ள கியர் ஆயில். எல்லாம் சரி என்றால் மட்கார்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் காத்தமுத்து ஏறுவான். ராவுத்தரே அவசரப்படுத்தினாலும், "அண்ணன் இன்னும் தட்டலையே மொதலாளி" என்று நின்றுகொண்டிருப்பான்.

எனக்கு அது பெரிய பெருமை. இப்போது சொல்லும்போது நாக்கூசுகிறது.

ஆடிக் கடைசியில் ராவுத்தர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "இருதயம், நீ வெயில்ல கெடந்தது போதும். தோல்ஷாப்புல நெழலா உக்காந்து பம்புசெட்டைப் பாரு. எண்ணெ தண்ணியெல்லாம் காத்தமுத்தே பாத்துக்கிடுவான். இந்த ஒரு வாரம் அவனுக்குக் காட்டிக் குடு" என்றார். என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார், ஐயா. நல்ல மனிதர். காத்தமுத்து பக்கத்திலேயே நின்றிருந்தான். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்தே அவனுக்குப் பாதி தெரிந்திருந்தது. சந்தோஷமாகத் தலையாட்டினான். அந்தச் சந்தோஷம் எனக்குப் பொறுக்கவில்லை.

வாழைத்தார் சுமக்கும் பெண்களுக்கும் விஷயம் போய்விட்டது. "இனிமே வண்டிக்கு யாரு தட்டிக் குடுப்பா? தட்டாமத் தூங்காதே அது" என்று சுப்புத்தாய் கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். காத்தமுத்தும் சிரித்தான். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டான். அவன் சிரித்ததைவிட நிறுத்திக்கொண்டதுதான் எனக்கு எரிந்தது.

எண்ணெய் குறைந்தால் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கெடுதல். பின்பெட்டியில் அளவுக்கு மேல் ஊற்றினால் எண்ணெய் அச்சு வழியாகச் சக்கரப்பக்கம் போகப் பார்க்கும். அங்கே தடுக்கிற சீல் தேய்ந்திருந்தால் கசிந்து, பிரேக் பட்டையில் இறங்கும். எண்ணெயில் ஊறிய பட்டை எதையும் பிடிக்காது. எங்கள் வண்டியில் சீல் தேய்ந்திருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் காத்தமுத்துவுக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தேன். பின்பெட்டியை மட்டும் கடைசி நாளில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, தினமும் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவனைக் கொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை. பிரேக் வழுக்கும், அவனுக்கு ஏச்சு விழும், என்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் என் எண்ணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் அவனே வந்தான்.

"அண்ணே, பிரேக்கு வழுக்குற மாதிரி இருக்கு. செத்த பாருங்களேன்."

நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பார்ப்பதுபோல் பார்த்தேன். பட்டையிலிருந்து எண்ணெய் வாடை வந்தது.

"நேத்து வண்டியக் கழுவுனோம்ல, தண்ணி பட்டிருக்கும். ஓட ஓடக் காஞ்சிரும் அப்பு" என்றேன். எழுந்து மட்கார்டில் தட்டினேன். அவன் ஏறிவிட்டான்.

மேல்தோட்டத்தில் டிரெய்லர் நிறைய வாழைத்தார் ஏற்றினோம். அங்கிருந்து ரோட்டுக்கு வர ஒரே இறக்கம். வழக்கமாக நான் மட்கார்டில் உட்கார்ந்து வருவேன், பெண்கள் தார் மேல் ஏறிக்கொள்வார்கள். அன்று முழங்கால் வலிக்கிறது, நடந்து வருகிறேன் என்றேன். முழங்கால் வலிக்கிறவன் எவனாவது நடப்பானா? அவன் அதைக்கூட யோசிக்கவில்லை. ஆனால் பெண்களைப் பார்த்து, "பிரேக்கு எனக்குச் சரியாப்படல, நீங்களும் நடந்தே வாங்க தாயி" என்று இறக்கிவிட்டான். இறக்கிவிட்டது அவன். நான் வாயைத் திறக்கவில்லை, ஐயா. அவர்களில் சுப்புத்தாயும் இருந்தாள்.

பாதி இறக்கத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ள ஆரம்பித்தது. அவன் பிரேக்கை மிதிப்பது எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றே மிதித்தான். வண்டி நிற்கவில்லை. திருப்பத்தில் சுழன்று, முன்பக்கம் கரையில் நிற்க, பின்பக்கம் வாய்க்காலுக்குள் இறங்கியது. தூக்கியெறியப்பட்டுக் கீழே விழுந்தவன் மேல் டிரெய்லர் சாய்ந்தது. இடுப்புக்குக் கீழே சிக்கிக்கொண்டான். உயிர் இருந்தது. நன்றாகவே பேசினான். பெண்கள் ஆள் கூட்டிவர ஊருக்குள் ஓடினார்கள். "நீங்க அவரு கூடவே இருங்க" என்று சுப்புத்தாய் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கூடவேதான் இருந்தேன். ஆட்கள் வந்தால் வண்டியைப் பார்ப்பார்கள், பின்பெட்டியைத் திறந்தால் எண்ணெய் வழியும், யார் ஊற்றியது என்ற கேள்வி வரும். இதுதான் என் மனதில் ஓடியது. டூல் பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். பின்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. அதைக் கழற்றினால் அளவுக்கு மேல் இருக்கிற எண்ணெய் வடிந்து தானாக நிற்கும். நிற்கும்வரை காத்திருப்பதுதான் முறை. காத்திருந்தேன். காத்தமுத்து என்னிடம் பேசிக்கொண்டே இருந்தான். எண்ணெய் நிற்கவே இல்லை. வாய்க்கால் தண்ணீர் அதைக் கொண்டுபோனது. பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிற வண்டியில் அது எப்படி நிற்கும்? ஊருக்கெல்லாம் சமதரை சமதரை என்று சொன்னவனுக்கு அப்போது அது தோன்றவில்லை. ஒருவழியாக எண்ணெய் நின்று, திருகைத் திரும்ப மாட்டியபோது காத்தமுத்துவும் பேச்சை நிறுத்தியிருந்தான்.

டவுனிலிருந்து மெக்கானிக் வந்து, வண்டியை மேலே இழுத்து, அளவு பார்த்தார். பின்பெட்டியில் பாதிகூட இல்லை. பிரேக் பட்டை எண்ணெயில் ஊறியிருந்தது. "ரொம்ப நாளாக் கசிஞ்சிருக்கு. இம்புட்டுக் கொறையிற வரைக்கும் உங்க டிரைவர் பாக்கவே இல்லையா?" என்று கேட்டார். ராவுத்தர் என் தோளில் கை வைத்து, "உன்ன மாத்துனது என் தப்பு இருதயம். நீயே வந்து பழையபடி பாரு" என்றார். நான் நினைத்தது நடந்துவிட்டது, ஐயா. அந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. அதைச் சொல்லத்தான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

நேற்று காத்தமுத்துவின் பெண்சாதி அங்கம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். அவன் கவனமில்லாமல் தானே செத்தான் என்று ஊரே பேசுகிறதாம். கடைக்குப் போனால் முகத்துக்கு நேரே சொல்கிறார்களாம். "அண்ணன் தட்டுனா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்னு சொல்லுவாரே. நீங்க தட்டுனீகளா இல்லையா? அத மட்டும் நாலு பேர்கிட்டச் சொல்லுங்கண்ணே" என்றாள். நான் பலகையை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

உன் பெயரைத்தான் சொன்னான் என்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

காத்தமுத்து மேல் தப்பு இல்லை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெயைக் கூட்டியவன் நான், வடித்தவனும் நான். அங்கம்மாளிடம் நான் சொன்னது பொய். அவன் அவள் பெயரைச் சொல்லவில்லை. "அண்ணே, டூல் பெட்டியில ஜாக்கி இருக்கு" என்றுதான் சொன்னான். பேச்சு நிற்கும்வரை அதையேதான் சொன்னான். பதற்றத்தில் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

நான் மறக்கவில்லை, ஐயா. ஸ்பேனர் ஜாக்கிக்கு அடியில் கிடந்தது. ஜாக்கியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அதை எடுத்தேன்.