மூலைப் பொருத்தம்

அன்று அங்கே இருந்தவர்கள்: மதிவாணனாகிய நான். என் நண்பன் யுகேந்திரன். என்னுடைய தொலைநோக்கி. அவனுடைய கேமரா.

முதல் இரண்டு பெயர் போதும் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஷாமளா. எழுதுவது நீங்கள், உங்கள் விருப்பம். ஆனால் மற்ற இரண்டும் இல்லையென்றால் நாங்கள் இருவரும் அன்று அவரவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருப்போம். கோப்பிக்கு நன்றி, புவான் ஷாமளா. சீனி கொஞ்சம் தூக்கல்.

யுகேந்திரன் இறந்ததை நான் மறுக்கவில்லை. பாம்பு கடித்தது என்று டாக்டர் எழுதியிருக்கிறார், அதையும் மறுக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்கு அவனைக் காரில் ஏற்றி க்ளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்தான். பத்தே கால் மணிக்கு முன்னால் கடிபட்டவன் அதுவரை ஏன் அங்கேயே இருந்தான் என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் பொருத்தம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தொலைநோக்கி தன் பின்பக்கம் வட்டமாக வெளிச்சத்தைப் போடும். கேமராவுக்குள் படம் விழுகிற செவ்வகச் சில்லுக்கு சென்சார் என்று பெயர். அது அந்த வட்டத்துக்குள் உட்கார வேண்டும். என் தொலைநோக்கியின் வட்டம் முப்பது மில்லிமீட்டர். யுகேந்திரன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன், அங்கிருந்து தூக்கி வந்த கேமராவின் சென்சார் மூலைக்கு மூலை நாற்பத்து மூன்று. பாயைவிட ஆள் நீளம் என்றால் கால் தரையில்தான் கிடக்கும். நான்கு மூலையும் இருண்டு போயின. அங்கே விழுந்த நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை, காய்ந்த நெத்திலி மாதிரி நீண்டு கிடந்தன.

"டேய் மதி, சென்சார் பெருசா இருந்தா நல்லதுன்னுதானடா எல்லாரும் சொல்றான்?" என்றான்.

"வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல லா."

அவன் மனைவி லோஷினி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். "எங்க கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாத்தாங்கண்ணே. இவரு கேமராவுக்கு ஒண்ணுகூட பாக்கல போல. பாருங்க, ரஜ்ஜு தட்டுது."

ரஜ்ஜு தட்டினால் மாப்பிள்ளைக்கு ஆயுள் கெட்டி இல்லை என்பார்கள். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்தச் சொல் எங்களிடம் ஒட்டிக்கொண்டது.

யுகேந்திரன் சுலபமான வழி சொன்னான். மூலையை வெட்டிவிட்டு நடுவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றான். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஊரே பார்க்கப் பெரிய சென்சார் வாங்குவார்கள், பிறகு வீட்டில் உட்கார்ந்து அதைச் சின்னதாக வெட்டுவார்கள். நெத்திலிகள் குப்பைக்குப் போகும், பாராட்டு வந்து குவியும்.

என்னால் அது முடியாது. பெர்மாஸ் ஜெயாவில் குடியிருந்துகொண்டு ஆறு வருடம் இரவு ஷிப்டில் மின்சில்லு சோதித்தவன் நான். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலை பார்க்க வேண்டும். மூன்று மூலை பார்த்து ஓகே போட்டு அனுப்பியவனை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அன்று விடியுமுன் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். சொந்தக்காரர்கள் என்னைச் சோம்பேறி என்கிறார்கள். அவர்களும் மூன்று மூலை பார்ப்பவர்கள்தான்.

வட்டத்தைப் பெரிதாக்க ஒரு லென்ஸ் உண்டு. தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவே அதை வைத்தால் முப்பது நாற்பத்து நாலாகும். ஆனால் லென்சுக்கும் சென்சாருக்கும் இடையே ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் இருந்தே ஆக வேண்டும். முன்னால் வடிகட்டிக் கண்ணாடி ஒன்று போட்டால் இன்னும் முக்கால் மில்லிமீட்டர் கூட வேண்டும். அந்த முக்காலுக்காகப் பதினோரு வாரம் போனது. குளிர்பானக் கேனைக் கத்தரித்து வளையம் வளையமாகச் செருகினேன். ஆறு வளையத்தில் நெத்திலி உள்பக்கம் பார்த்தது. எட்டில் வெளிப்பக்கம் பார்த்தது. ஏழில் என்ன ஆகும் என்று பார்க்க வானம் விடவில்லை. தினமும் மழை, இல்லாவிட்டால் மேகம்.

சித்திரை பிறந்த வாரம் மேகம் விலகியது. பாலோ ஊருக்கு உள்ளே என் சித்தப்பாவுக்கு எட்டு ஏக்கர் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. நடுவில் மரம் இல்லாத ஒரு திட்டு, ஓரத்தில் உரக் கொட்டகை. அங்கே என் விதிகள் நடக்கும். வெள்ளை வெளிச்சம் கூடாது, சிவப்பு டார்ச் மட்டும். கைப்பேசிகள் பிஸ்கட் டின்னுக்குள். யுகேந்திரனின் காரை நிறுத்தி அதன் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்போம். வானத்தோடு சேர்ந்து தொலைநோக்கியைத் திருப்புகிற தாங்கி அதில்தான் ஓடும். கார் சாவி என் பாக்கெட்டில் இருக்கும். இதெல்லாம் அவனும் ஒத்துக்கொண்ட விதிகள்.

ஒன்பது இருபதுக்கு முதல் படம். தெற்கே கரீனா நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கிற புகைத்திட்டு. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம், மொத்தம் முப்பத்தாறு படம். முதல் படம் திரையில் வந்ததும் மூலைக்குப் போய்ப் பெரிதாக்கினேன். வட்டம், புவான். நான்கு மூலையிலும் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள்.

"பொருத்தம் வந்துருச்சுடா," என்று என்னைக் கட்டிக்கொண்டான் யுகேந்திரன். அவன் நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து மணி தாண்டியதும் சிறுநீர் கழிக்க மரங்களுக்குள் போனான். டார்ச் கேட்டான். சிவப்பு டார்ச் என் கையில் இருந்தது, நான் பத்தாவது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிலேயே போனான்.

"மச்சான், கால்ல சுருக்குன்னுச்சுடா," என்றான் திரும்பி வந்து.

"மட்டை முள்ளா இருக்கும்."

"முள்ளு ஓடுமாடா? சரசரன்னு ஓடுச்சு."

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் இரத்தம் தெரியாது. ஈரமாக மட்டும் தெரியும். ஈரமாக இருந்தது என்று அவனிடம் சொன்னேன். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

காரை எடு என்றான். காரை எடுத்தால் தாங்கி நின்றுவிடும் என்றேன். அப்படியானால் டின்னைத் திற, லோஷினிக்குப் பேச வேண்டும் என்றான். இந்தப் படம் முடியட்டும், நாலு நிமிஷம் என்றேன். அது முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கியது. கணினியில் அப்படிக் கட்டளை போட்டிருந்தேன், அதை என் குற்றமாக எழுத முடியாது.

"அலமாக், ஒரு படத்துக்காக என்னை மேல அனுப்பிருவ போல இருக்கே," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பத்தரைக்கு அவன் கண் இமைகள் இறங்கத் தொடங்கின. தூக்கம் என்று நினைத்தேன். சிங்கப்பூருக்குத் தினமும் போய் வருகிறவனுக்குத் தூக்கம் வராதா? பேச்சும் குழறியது. "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடா," என்றான். நட்சத்திரம் இரண்டாகத் தெரிந்தால் லென்ஸ் கோணலாக இருக்கிறது என்று பொருள். உடனே திரையில் சரிபார்த்தேன். ஒவ்வொன்றும் ஒன்றாகத்தான் இருந்தது. கோளாறு அவன் கண்ணில்தான்.

பிறகு தடவித் தடவிக் காரிடம் போய்க் கதவைத் திறந்தான். உள்விளக்கு எரிந்தது. பதினைந்தாவது படம் போனது, அதற்காக நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஹாரனை அழுத்தினான். சத்தத்தால் படம் கெடாது. பேட்டரிதான் கெடும். டின்னுக்குள் கைப்பேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அது லோஷினி என்று பிறகு தெரிந்தது. பிறகு என்பது தவறு. அப்போதே தெரியும். அவளுக்கென்று அவன் வைத்திருந்த பாட்டு எனக்கும் தெரியும்.

அவனைக் காரிலிருந்து இறக்கினேன். தானாக நிற்க முடியவில்லை. தோள் கொடுத்து உரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். மூட்டைமேல் சாய்த்து உட்காரவைத்தேன். தண்ணீர் போத்தலைப் பக்கத்தில் வைத்தேன், கை நடுங்குகிறதே என்று மூடியையும் திறந்து வைத்தேன். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் செய்தது.

"இன்னும் இருபத்தொரு படம்தான்டா," என்றேன்.

என் சட்டையைப் பிடித்தான். என்ன சொன்னான் என்று புரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், முரட்டுத்தனமாக இழுக்கவில்லை. கொட்டகையிலிருந்து தாங்கிக்கு முப்பது அடி. உள்ளேயிருந்து எவ்வளவு தட்டினாலும் அதிர்வு அவ்வளவு தூரம் வராது. நட்சத்திரங்கள் வட்டமாகவே இருக்கும்.

இவ்வளவும் அவன் நல்லதுக்காகத்தான். அந்த இருட்டில் தனியாக எழுந்து நடந்தால் இன்னொரு பாம்பை மிதிப்பான் இல்லையா? அதனால் வெளியே வந்தேன், கதவைச் சாத்தினேன், பூட்டினேன்.