ஐந்து ‘ப’ என்றால் எத்தனை?

அவைக்கு அணிசெய்யும் தலைவர், எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையின் முதலாளி அவர்களே, பழுது என்ற சொல்லையே பலகையிலிருந்து துடைத்தெறிந்து, அதற்காக இன்று பரிசு பெறப்போகும் மேலாளர் அவர்களே, அனல் அடுப்பருகே அரை ஆயுளைக் கழித்த பெரியோர்களே, பெட்டி அடுக்கும் தாய்மார்களே, சுமை தூக்கும் தொழிலாளியான என் பணிவான வணக்கம்.

மேலாளரை வாழ்த்த எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வாழ்த்தாமல் இறங்க மாட்டேன்.

எங்கள் சரிபார்க்கும் அக்காவை உங்களுக்குத் தெரியும். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, கீறல் பார்த்து, நல்லதைப் பெட்டியில் வைப்பார். பெட்டிக்குப் பன்னிரண்டு. நிறைந்த பெட்டி எத்தனை, மிச்ச உதிரி எத்தனை, இரண்டையும் அடுத்தடுத்துப் பலகையில் எழுதுவார். ‘53’ என்றால் ஐந்து பெட்டி, மூன்று உதிரி, ஆக அறுபத்துமூன்று. உதிரி பத்தாக இருந்தால் ஒரே எழுத்து, ‘ப’. பதினொன்றுக்கு ‘ன’. ஆகவே ‘5ப’ என்றால் எழுபது நல்ல டம்ளர்.

புதிதாக வந்த மேலாளர் பலகையைப் பார்த்தார். படித்தவரல்லவா, பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்: ஐந்து பழுது. மறுநாள் ‘6ப’. ஆறு பழுது. அதற்கடுத்த நாள் ‘4ன’. நான்குதான் நல்லது, நகரத்தை னகரமாக எழுதியது தனிக் குற்றம். அக்காவுக்கு வேலைநீக்க ஆணை பறந்தது.

மூன்று அதிகாரிகள் விசாரித்தார்கள். நான் சாட்சி.

“பத்துன்னா பத்துன்னே எழுத வேண்டியதுதானேம்மா?”

“ஒண்ணு போட்டு பூஜ்யம் போட்டா எங்க பலகையில அது பன்னிரண்டு சார். ஒரு பெட்டி நிறைஞ்சிருக்கு, உதிரி இல்லன்னு அர்த்தம்.”

“ஊரே பத்துப் பத்தா எண்ணுது. உங்களுக்கு மட்டும் தனிக் கணக்கா?”

அக்கா பத்து டம்ளரை மேசைமேல் வைத்தார். “நீங்க மூணு பேரு. உடைக்காம சமமாப் பிரிச்சுக்கோங்க சார்.”

ஆளுக்கு மூன்று எடுத்தார்கள். ஒன்று மிஞ்சி நின்று மூவரையும் பார்த்தது. அக்கா இன்னும் இரண்டை வைத்தார். ஆளுக்கு நான்கு.

“ரெண்டு பேரு, மூணு பேரு, நாலு பேரு, ஆறு பேரு, யாரு வந்தாலும் மிச்சமில்லாமப் பிரியும். கடைசியில பூஜ்யம் இருக்கான்னு பாத்தாப் போதும் சார்.”

தீர்ப்பு என்ன தெரியுமா? ‘விளக்கம் சரி. ஆனால் ஆணை ஏற்கெனவே தட்டச்சாகிவிட்டது.’

யாரங்கே சிரிப்பது? தட்டச்சுக்கும் ஒரு மரியாதை உண்டு, ஐயா.

அக்கா போனார். அக்கா போனதால் பலகையில் ‘ப’ போனது. ‘ப’ போனதால் பழுது போனது. பழுது போனதால் பரிசு வந்தது! சரிபார்க்க ஆளில்லாத இடத்தில் பழுது எங்கே தெரியும்? பலகையில் தெரியுமா? மேலாளரின் மேசையில் தெரியுமா? வாங்கிக் குடிப்பவன் உதட்டிலல்லவா தெரியும்.

இரண்டு மாதமாக அக்கா வேலையில்லாமல் இருக்கிறார். இருபத்திரண்டு வருடம் கீறல் பார்த்துத் தேய்ந்த கண்கள் அவை. இதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது. முதலாளி அவர்களே, திங்கட்கிழமை அவரைத் திரும்ப அழையுங்கள். என்ன மேலாளரே, விழாவில் இதைப் பேசலாமா என்கிறீர்களா? உங்கள் அறைக்கு வந்தால் ‘விழா வேலை இருக்கிறது, அப்புறம் வா’ என்றீர்களே.

சரி, நேரமாகிவிட்டது. பரிசுக் கேடயம் நம் தொழிற்சாலையிலேயே வார்த்த கண்ணாடி. மேடைக்குத் தூக்கி வந்தவன் நான். ‘பழுதே இல்லை’ என்று பொறித்த வரிக்கு நேர் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு கீறல் ஓடுகிறது. மேலாளர் அவர்களே, நெஞ்சார வாழ்த்துகிறேன். வாங்கும்போது கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றியும் வணக்கமும்.