சும்மா நிற்கிற ட்ரான்ஸ்பார்மர்

தோழர்களே, வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பாதுகாப்பு வார விழாவில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் என் பெயரை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். மறப்பேனா? அங்கே பேச வேண்டியதை இங்கே பேசுகிறேன்.

ஒரு கதை கேளுங்கள். சின்னதுதான், கையிலிருக்கிற டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கோவைப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கும் ஓர் ஆலை. அங்கே இரண்டு ட்ரான்ஸ்பார்மர். இரண்டில் ஒவ்வொன்றும் தனியாகவே முழு ஆலையையும் தாங்கும். ஒன்று ஓடும். இன்னொன்று... சும்மா நிற்கும். ஓடுவது படுத்துவிட்டால், நிற்பது சுமையை வாங்கிக்கொள்ளும். தானாக மாற்றிவிட ஒரு சுவிட்ச். அவ்வளவுதான் ஏற்பாடு.

புது உலை ஒன்று வந்தது. அதற்கு மின்சாரம்? ஜெனரல் மேனேஜர் ரங்கராஜுலு மீட்டிங் போட்டார். எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் சென்னியப்பனைப் பார்த்தார்.

"ஏனுங்க சென்னியப்பன், அந்த ரெண்டாவது ட்ரான்ஸ்பார்மர் என்னதான் பண்ணுதுங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க சார். அதுதானுங்க அதோட வேலை."

"ஆயுத பூஜைக்கு மாலை மட்டும் போட்டுக்குது! கல்யாண வீட்டுல மாப்பிள்ளைத் தோழனையே பந்தி பரிமாறச் சொல்றாங்க. புது உலையை அதுல மாட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

"மாட்டினா ஸ்டாண்ட்பை இல்லாமப் போயிருமுங்க சார். மூணாவது ஒண்ணு வேணுமுங்க."

"எப்படிங்க இல்லாமப் போகும்? இதுக்கு அது ஸ்டாண்ட்பை. அதுக்கு இது ஸ்டாண்ட்பை. முன்ன ஒண்ணுதான் இருந்துச்சு, இப்ப ரெண்டாச்சு பாருங்க!"

கைதட்டினார்கள். படித்தவர்கள், தோழர்களே... இன்ஜினியரிங் படித்தவர்கள்! இரண்டு சுமையையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சித்திரை வெயில். உச்சி வேளை. முதல் ட்ரான்ஸ்பார்மர் படுத்தது. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மொத்தச் சுமையையும் இரண்டாவதன் தலையில் போட்டது. அதன் தலையில் ஏற்கெனவே புது உலை. அதுவும் படுத்தது.

அந்த அமைதி இருக்கிறதே... ஃபேன் நின்றது. கிரேன் நின்றது. உலையைக் குளிர வைக்க அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் நின்றது. உள்ளே இரும்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அவசரத் தண்ணீருக்கு மேலே தொட்டி உண்டு. குழாய்? பழைய உலைக்கு மட்டும்தான்! புது உலைக்கு இன்னொரு ட்ரான்ஸ்பார்மர்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

புது உலையில் நின்றவர் மாதையன். உலையின் சுவர் சிவப்பதைப் பார்த்தார். உருகிய இரும்பு, குழாயில் தேங்கிய தண்ணீரைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கத்தினார்.

"ஓடுங்கடா! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்கடா!"

ஓடினார்கள். கடைசி ஆள் வெளியே போகிறவரை அவர் கத்திக்கொண்டே இருந்தார். பிறகு உலை வெடித்தது, கூரை பிய்த்துக்கொண்டு போனது. மாதையன் வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள்: "எலக்ட்ரிக்கலுக்கு யார் பொறுப்பு?" மீட்டிங்கில் கைதட்டிய அதே கைகள் சென்னியப்பனைக் காட்டின. ஒருவர் அவரிடமே கேட்டாராம், "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே?"

ஏன் சொல்கிறேன்? நம் ஆலையிலும் சும்மா நிற்கிறது ஒன்று. வருகிற வாரம் அதில் புது லைனை மாட்டப்போகிறார்கள். அது சும்மா நிற்கவில்லை, தோழர்களே. உங்களுக்காக நிற்கிறது! அதன் தலையில் சுமை ஏற்றும் நாளில், உலைக்கு முன்னால் தனியாக நிற்கப்போவது நீங்கள். கேளுங்கள். ஒருவர் கேட்டால் அவரைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள். எல்லோருமாகக் கேளுங்கள்.

அடியில் என் பெயரை எழுதினேன். சென்னியப்பனைக் காட்டிய அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அதை அடித்துவிட்டேன், விழாவில் பேசக் கூப்பிட்டதைச் சொல்லும் முதல் வரிகளையும் அடித்துவிட்டேன். பயம்தான், ஒத்துக்கொள்கிறேன். காலையில் கேன்டீன் பலகையில் இதைப் பெயரில்லாமல்தான் ஒட்டப்போகிறேன்.